பதினைந்துக்குப் பன்னிரண்டில் ஒரு சட்டம்

என் கிளிகள் இரண்டும் படுத்துக் கிடந்தன.

அக்காளின் புகுந்த வீட்டுக் கூடத்தில், நெற்குதிருக்கு மேலே, நான் அறுத்துக் கொடுத்த மரச்சட்டம் தொங்கியது. அகலவாட்டில் மாட்ட வேண்டிய சட்டம் அது. நெட்டுக்குத்தாக மாட்டியிருந்தார்கள். மேல் விளிம்பில் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டிய கிளிகள் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டன. ஒன்று கூரையைப் பார்த்தது. மற்றது தரையைப் பார்த்தது.

சட்டத்துக்குள் ஒரு மனிதரின் முகம், மார்பு வரை. அக்காளின் மாமனார். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நெற்றிக்கு நேரே கண்ணாடியில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மேலே முல்லைச் சரம். அன்று காலையில் கட்டிய பூ. கூடம் முழுவதும் வாசனை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாட்டிய விதம் மட்டும் தவறில்லை, வேறு ஏதோ ஒன்றும் தவறு. அது என்னவென்று பிடிபடவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். நாங்கள் அங்கே போனது ஒரே ஒரு கேள்வி கேட்க. ஆடி முடிந்து பதினெட்டு நாள் ஆகியும் அக்காளை அழைத்துப்போக ஏன் யாரும் வரவில்லை?

மூடித் திறந்த பெட்டி

புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டில் இருப்பாள். ஆவணி பிறந்ததும் புகுந்த வீட்டார் வண்டி கட்டி வந்து அழைத்துப் போவார்கள். இது எங்கும் உள்ள வழக்கம்தான்.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே, பிரெஞ்சு எல்லைக்குள். அக்காளைக் கொடுத்த ஊர் இங்கிலீஷ்காரர் எல்லைக்குள். தூரம் மூன்று மைல்கூட இராது. எங்கள் பக்கத்து எல்லையை ஒரே கோடாகப் போட முடியாது. ஒரு வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் பிரெஞ்சு, அந்தப்பக்கம் இங்கிலீஷ், நாலு கரும்புக் கொல்லை தாண்டினால் மறுபடியும் பிரெஞ்சு. பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் யாரும் அதை யோசிப்பதில்லை.

ஆவணி பிறந்தது. வண்டி வரவில்லை. அக்கா சொர்ணம் தினமும் காலையில் தலைவாரிப் பூ வைத்து, டிரங்குப் பெட்டியை மூடிவிட்டு உட்காருவாள். பொழுது சாயும்போது பெட்டியைத் திறந்து, மறுநாளைக்கு ஒரு புடவையை வெளியே எடுப்பாள். பக்கத்தில் போனால், "இன்னாடி பாக்கற? போய் உன் பலகைய அறு" என்பாள்.

தெருவில் பேச்சு தொடங்கிவிட்டது. "அவங்க வூட்டுல ஏதாவது சொல்லி அனுப்பிட்டாங்களா?" என்று கிணற்றடியில் அம்மாவையே கேட்டிருக்கிறார்கள். அம்மா குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் தெளியும். காரணங்களை ஒரு தாளில் எழுதினேன்.

1. மாமாவுக்கு (அக்காளின் கணவருக்கு) உடம்பு சரியில்லை. இல்லை. சந்தையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.
2. ஆடிச் சீரில் குறை. அம்மா மூன்று முறை சரிபார்த்த சீர்.
3. வண்டி மாட்டுக்கு நோய். வண்டி ஓடுவதாகக் கேள்வி.
4. அக்கா அங்கே ஏதோ பேசிவிட்டாள். இருக்கலாம். ஆனால் அவள் பேசியிருந்தால் எங்களிடமும் சொல்லியிருப்பாள்.
5. சட்டம்.

ஐந்தாவதை எழுதியவுடன் அடித்துவிட்டேன். பிறகு அதன் கீழேயே திரும்ப எழுதினேன். ஆடி விருந்துக்கு வந்த மாமா கையில் எங்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய புதுப் பொருள் அது ஒன்றுதான்.

அம்மா அந்தத் தாளைப் பார்க்கவில்லை. இருந்தும், "நீ செஞ்சது ஒண்ணுதான் அங்க போச்சு. நீயும் அப்பாகூடப் போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

ரவிக்கை தைக்காத மெஷின்

நான் பிரெஞ்சுப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பில் மூன்று வருஷம் படித்தேன். அங்கே எங்களுக்கு வரைபடமும் மரவேலையும் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, நாடு திரும்பியபோது தம்முடைய மிதி ரம்பத்தை எனக்கு விட்டுச் சென்றார். கீழே கால்மிதி, பக்கத்தில் சக்கரம், மேலே சிறு மேஜை. மேஜையின் நடுத் துளை வழியே நூல்போல மெல்லிய ரம்ப இழை மேலும் கீழும் ஓடும். இழை நகராது. நாம்தான் பலகையைத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பக் கொடியும் இலையும் வளைந்து வரும்.

அதை வண்டியிலிருந்து இறக்கிய அன்றே மூன்று பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்துவிட்டார்கள். இது துணி தைக்காது என்றேன். "தைக்காதா? அப்போ இன்னாத்துக்கு இவ்ளோ மிதிக்கிற?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கல்யாணத்துக்கு நான் மயில் வைத்த சீப்புப் பெட்டி செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை. கல்யாணம், வளைகாப்பு, புதுவீடு என்று எதற்குப் பரிசு கொடுப்பதானாலும் என்னிடம் வந்தார்கள். குங்குமச் சிமிழ் வைக்கும் தட்டு, கைக்கண்ணாடிச் சட்டம், வெற்றிலைப் பெட்டிக்கு மூடி. கரியமாணிக்கம் ஊரிலிருந்துகூட ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள்.

யுத்தம் வந்து கப்பல் நின்றதும் ரம்ப இழை வருவதும் நின்றது. என் பெட்டியில் அப்போது மெல்லிய இழை ஒன்பது, நடுத்தர இழை நாலு. நல்ல பலகைக்கும் வழியில்லை. தேயிலைப் பெட்டியைப் பிரித்து, ஆணியைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்வேன். அறுக்கும்போது முதலில் தேயிலை மணக்கும், பிறகு மரம் மணக்கும்.

துண்டுக் காகிதம்

ஆடிக்கு வந்தபோது அக்கா தன் மாமியார் கொடுத்தனுப்பிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மாமாவின் கையெழுத்து. "போட்டோவுக்குச் சட்டம். 15-க்கு 12. பூவேலை வேண்டும். கிளி இருந்தால் நல்லது." இவ்வளவுதான்.

போட்டோவைப் பார்த்திருக்கிறாயா என்று அக்காளைக் கேட்டேன். மாமனார் போட்டோ என்று தெரியும், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அத்தை அதை வெளியே எடுப்பதில்லை என்றாள். இறந்தவர் படத்தை ஏன் மூன்று வருஷமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அளவு கையில் இருந்தது. எனக்கு அது போதும்.

கொடியை வரைந்து, கஞ்சிப் பசையால் பலகையில் ஒட்டினேன். உட்புறத் துளைகள் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் முதலில் ஓட்டை போட்டு, இழையைக் கழற்றி அதற்குள் நுழைத்து, மறுபடியும் முடுக்கி அறுக்க வேண்டும். கிளியின் அலகில் மட்டும் இரண்டு இழைகள் ஒடிந்தன. முடித்தபோது மெல்லிய இழை ஆறுதான் மிச்சம். என் வாழ்நாளில் அதுவரை செய்ததில் அதுதான் நேர்த்தியானது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை விரித்த கைகள்

இப்போது கூடத்துக்குத் திரும்புகிறேன்.

நாங்கள் எதிர்பார்த்துப் போனது கோபத்தை. கிடைத்தது உபசாரம். அக்காளின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை எங்களுக்கு மோர் கொடுத்தார். அப்பாவிடம் விளைச்சலைப் பற்றி விசாரித்தார். அக்காளைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. மாமா தூணில் சாய்ந்து நின்று தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அத்தை என்னை உள்ளே கூப்பிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் புத்தி யாருக்கும்மா வரும்? நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. நீயா புரிஞ்சிக்கினு ஒருத்தருக்கு மட்டும் செஞ்சி அனுப்பிச்ச பாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதை ஒருவருக்கு மட்டும் செய்தேன்?

அத்தை சொன்னதிலிருந்து தெரிந்தது இது. கடலூரில் எடுத்த அந்தப் போட்டோவில் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தையின் கணவரும், அவருடைய அண்ணனும், நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில். தம்பி போய்விட்டார். அண்ணன் இருக்கிறார், அதே வீட்டின் மறுபாதியில். வீட்டுக்குப் பெரியவர் அவர்தான்.

"உசுரோட இருக்கறவர் படத்துக்கு எப்படிம்மா பூ போடறது? பொட்டு வெக்கறது? அவருக்கும் சேத்து இல்ல போட்டதா ஆயிடும்? மூணு வருசமா பெட்டியத் தொறந்து பாத்துட்டு மூடிடுவேன். இந்தத் தெவசத்துக்காவது வெளிய எடுத்து வெக்கலாம்னுதான் சட்டம் கேட்டேன். அப்பவும் பூ போட முடியாதுன்னு தெரியும். படம் இவ்ளோ பெரிசு" என்று கைகளை விரித்துக் காட்டினார்.

விரித்த கைகளைப் பார்த்தேன். ஒன்றேகால் அடி இருக்கும்.

பதினைந்து அங்குலம்.

அப்போதுதான் சுவரில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது பிடிபட்டது. சட்டம் சிறியது. அதைச் சிறிதாகச் செய்தது நான். எங்கள் பள்ளியில் எல்லாம் 'சாந்திமேத்தர்', அதாவது சென்டிமீட்டர். என் அளவுகோலில் அங்குலமே கிடையாது. ஊர் ஆசாரியோடு பேசும்போது நானும் அங்குலத்தில்தான் பேசுவேன். ஆனால் காகிதத்தில் எண்ணைப் பார்த்துவிட்டால் என் கை தானாக சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். எல்லைக்கு அந்தப்பக்கம் எழுதிய பதினைந்தை நான் இந்தப்பக்கத்துப் பதினைந்தாக அறுத்திருந்தேன். அதுவும் அளவாகத்தான் இருந்தது. சின்ன போட்டோ என்று நினைத்தேன்.

அத்தை சின்னச் சட்டத்தைப் பார்த்ததும், சொல்லாமலே நான் தன் மனசை அறிந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார். தன் கணவரை மார்பு வரை வெட்டி, சட்டத்தை நிமிர்த்தி மாட்டி, மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பூவைப் போட்டிருக்கிறார்.

மறுநாள் பெரியவர் வந்து பார்த்தார். "படத்துல நான் எங்க?" என்று கேட்டார். மூத்தார் (கணவரின் அண்ணன்) எதிரில் நின்று பேசும் வழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்கு இல்லை. அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டார். மாமா பயந்துபோய், "சட்டம் சின்னதா வந்துட்டுது" என்று மட்டும் சொன்னார்.

"செத்தவனுக்குச் சட்டம், உசுரோட இருக்கறவனுக்குக் கத்தரிக்கோலா? சட்டம் சின்னதா அனுப்பற வூட்டுக்கு என் வண்டி போவாது" என்று சொல்லிவிட்டாராம் பெரியவர்.

வண்டியும் மாடும் அவருடையவை.

இரண்டு சர்க்கார்

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் கூடத்துக்கு வந்துவிட்டார். அத்தை என் கையை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்க, நான் கூடத்துக்கு வந்தேன். பெரியவர் நெடிய மனிதர், தோளில் துண்டு. அப்பாவுக்கு ஒரு தலையசைப்பு. பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"நீதான் அறுத்தவளா? ஒருத்தனுக்கு மட்டும் போதும்னு இவ சொன்னாளா, இல்ல நீயா முடிவு பண்ணியா?"

மூன்று பதில்கள் இருந்தன. அத்தை சொன்னார் என்றால் அது பொய், அத்தை அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. நானே யோசித்துச் செய்தேன் என்றால் அதுவும் பொய், உயிரோடு இருக்கும் மனிதரை நானே வெட்டியெறிந்ததாகிவிடும், அக்கா பெட்டியை மூடித் திறந்துகொண்டே இருப்பாள். உண்மையைச் சொன்னால், என் புத்தி யாருக்கு வரும் என்று இப்போதுதான் கையைப் பிடித்தவரின் முன்னால் நான் வெறும் தப்பு செய்தவள். கதவிடுக்கில் அத்தையின் கண் தெரிந்தது. அது என்னை எதைச் சொல்லச் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இடுப்பில் செருகியிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"யாரும் சொல்லல, பெரியவரே. அளவத் தப்பா எடுத்தது நான்தான். இது உங்க பதினஞ்சு. நான் செஞ்சது எங்க பதினஞ்சு."

அவருக்குப் புரியவில்லை. அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டை வாங்கிவந்து தரையில் இரண்டு கட்டம் போட்டேன். அவர்கள் ஊர்ப் பதினைந்துக்குப் பன்னிரண்டு ஒன்று. அதற்குள்ளே, எங்கள் ஊர்ப் பதினைந்துக்குப் பன்னிரண்டு.

அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினஞ்சுன்னா பதினஞ்சுதானே. ரெண்டு சர்க்கார் இருந்தா ரெண்டு பதினஞ்சா?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்பா இருமினார். அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்று எனக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் இன்னும் இறுகியது.

"சரி. சட்டம் தப்பா வந்துது. கத்தரிக்கோல் தானா வந்துதா? என் பாதி எங்க? அடுப்புலயா?"

கதவுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி திறக்கும் ஓசை. அத்தை ஒரு பட்டுப்புடவையை என் கையில் கொடுத்தார். அவருடைய கல்யாணப் புடவை. அதன் மடிப்புக்குள் பெரியவரின் பாதி இருந்தது, மூலை மடங்காமல், தூசி படாமல்.

பெரியவர் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். படத்தில் அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோல் போன விளிம்போரம், அவருடைய நாற்காலிக் கைப்பிடியின்மேல், இன்னொருவரின் நாலு விரல்கள் இருந்தன. மோதிரத்தோடு.

"இவன் கை" என்றார் பெரியவர். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. "அசையாத இருங்கன்னு போட்டோக்காரன் சொன்னதும் பயந்துபோய் என் நாற்காலியப் புடிச்சிக்கினான்."

மாமா அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த தம்பியைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். படுத்துக் கிடந்த கிளிகளையும் பார்த்தார். "நாளைக்கு நல்ல நாள். காலைல வண்டி வரும், பொண்ணத் தயாரா இருக்கச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். சண்டை தீர்ந்துவிட்டதா, நாளைக்குத் தள்ளிப்போனதா என்று வரும் வழியெல்லாம் அப்பாவும் நானும் பேசிப் பார்த்தோம். தெரியவில்லை.

புறப்படும்போது அத்தையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முல்லையைத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

"தப்பா செஞ்சிட்டேன்னு நீ சொல்லிக்கோ" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் அப்படி வெச்சிக்கல."

பென்சிலும் தாளும்

மறுநாள் வெயில் ஏறுமுன் வண்டி வந்தது. மாமா மட்டும் வருவார் என்று நினைத்திருந்தோம். ஓட்டிக்கொண்டு வந்தது பெரியவரே. அக்கா இரண்டு முறை பெட்டியைத் தூக்க மறந்தாள். அம்மா அழுதுகொண்டே, அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோரையும் அதட்டினாள்.

எல்லாம் ஏற்றியானதும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பட்டுப்புடவை மடிப்பிலேயே தன் பாதிப் படத்தைக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு அறு. இந்தக் கை தெரியணும், வெட்டிப்புடாத. எந்த சர்க்கார் பதினஞ்சோ, நீயே அளந்துக்கோ."

நான் தாளும் பென்சிலும் அளவுகோலும் எடுத்துவந்தேன். வண்டிச் சக்கரத்தில் படத்தைச் சாய்த்து வைத்து, சென்டிமீட்டரில் அளந்து, பக்கத்திலேயே அங்குலக் கணக்கையும் எழுதினேன். வேலை எடுக்கும்போது நான் கேட்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். என்ன பூவேலை? கொடி போதும். கிளி வேண்டுமா? வேண்டும், இந்தத் தடவை உட்கார்ந்த கிளி. மரம்? எதுவானாலும் சரி.

"எப்போ வேணும்?" என்று கேட்டேன். அதுவும் வரிசையில் உள்ள கேள்வி. கேட்ட பிறகுதான், அந்தச் சட்டத்தில் பூ ஏறும் நாளைக் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

வண்டிக்குள் அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. மாமா வைக்கோலைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். பெரியவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கரும்புக் கொல்லையைப் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "ஆனா ரொம்பத் தள்ளியும் போடாத."

மாடுகளைத் தட்டினார். தாளில் 'எப்போது' என்ற வரிக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். வண்டி வாய்க்காலைத் தாண்டி இங்கிலீஷ் பக்கம் போய்விட்டது.